கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் மச்சான் ஓட்டிய பஸ்

திரையில் படம் வரைந்து காட்டத் தனியாக கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் கேம் ஆடினால் படம் கலங்கத்தான் செய்யும் என்று நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை. வீட்டுக்கு வந்தவர்களை உட்கார வைத்து, அவர்கள் காபி ஆறிப்போகும்வரை விளக்கம் சொல்லும் அளவுக்கு நம்பினேன். கேட்டவர்களும் தலையாட்டினார்கள். கரண்டு சம்பந்தப்பட்ட எதுவானாலும் என்னைப்போல ஒரு மைக் செட்காரனுக்குத் தெரிந்திருக்கும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு தப்பான எண்ணம் உண்டு. அதை நான் ஒருநாளும் திருத்தப் போனதில்லை. அதில்தானே பிழைப்பு ஓடுகிறது.

வில்லியனூரைச் சுற்றி எந்த வீட்டில் காதுகுத்து, எந்தத் தெருவில் தீமிதி, எங்கே கருமாதி என்பதெல்லாம் என் காதுக்கு முன்கூட்டியே வந்துவிடும். இந்தத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான்: தனித்தனியாக இருக்கும் பெட்டிதான் தாக்குப்பிடிக்கும். மிக்ஸர் தனி, ஆம்ப்ளிஃபயர் தனி, எக்கோ தனி. எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் திணித்து, கலர் விளக்கு வேறு வைத்து விற்கிறார்களே, அந்த ஸ்பீக்கர்களுக்குப் பெண் அழைப்பு முடிவதற்குள் தொண்டை கட்டிக்கொள்ளும். ஆகவே, "கிராபிக்ஸ் ப்ராசஸருக்குள்ளயே இருக்குதுப்பா, தனியா கார்டு கிடையாது" என்று என் மகள் போனில் சொன்னபோது, யாரோ என் வீட்டு அஸ்திவாரத்தில் சிமெண்டே போடவில்லை என்று சொன்னதுபோல இருந்தது.

கம்ப்யூட்டர் அவளுடையது. படிக்கும்போது வாங்கியது. வேலை கிடைத்து பெங்களூர் போனபோது விட்டுவிட்டுப் போனாள். அதன்மேல் என் மனைவி ஒரு துண்டைப் போர்த்தி, துண்டின்மேல் ஊறுகாய் ஜாடியை வைத்திருந்தாள். ஜாடியையும் துண்டையும் எடுக்க வைத்தவர் என் மச்சான்.

மச்சான் என் மனைவிக்கு அண்ணன். தனியார் பஸ் டிரைவர். வில்லியனூரில் எடுத்து உறுவையாறு வழியாகப் பாகூர் போய்த் திரும்பும் வண்டி. மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அதே ரூட். சர்க்கரை வியாதி இருந்தது. அதை அவர் ஒரு தூரத்துச் சொந்தக்காரனைப்போல நடத்தினார்: இருக்கிறான் என்று தெரியும், போய்ப் பார்ப்பதில்லை. இடது கால் பெருவிரலில் வந்த ஒரு கொப்புளம் புண்ணாகி, புண் கறுத்து, கடைசியில் விரலையே எடுத்துவிட்டார்கள். அவர் மனைவி தவறிப்போய்விட்டாள், பிள்ளைகள் இல்லை. கட்டு மாற்ற ஆள் வேண்டும் என்று என் மனைவி அவரை எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டாள்.

பஸ் முதலாளி ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்தார். புண் ஆறட்டும், ஹெவி லைசென்ஸ் முடியப்போகிறது, டாக்டர் சர்டிபிகேட் வாங்கிப் புதுப்பித்துக்கொண்டு வா, வண்டி உனக்குத்தான், அதுவரைக்கும் ஓட்டுகிறவன் தற்காலிகம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து மச்சானுக்கு வேறு பேச்சே கிடையாது. கட்டுப் பிரிக்கும்போது "எப்பம்மா ஷூ போடலாம்" என்பார். எங்கள் தெரு முனையில் பஸ் ஹாரன் கேட்டால், அந்தத் தற்காலிகம் கியர் மாற்றியது சரியில்லை என்று முகம் சுளிப்பார். அந்த சீட்டில் மறுபடி உட்கார வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அது மட்டும்தான். தெருவுக்கே தெரியும்.

ஒரு நிச்சயதார்த்த வீட்டுக்கு ஸ்பீக்கர் கட்டப் போனபோது, மாடி அறையில் ஒரு பையன் கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நம் ஊர் பஸ் மாதிரியே பெயிண்ட், நம் ஊர் பஸ் மாதிரியே காது கிழியும் ஹாரன். வீட்டுக்கு வந்து, மச்சானை வம்புக்கு இழுக்கலாமே என்று, இனிமேல் பஸ்ஸை வூட்டுக்குள்ளயே ஓட்டலாம் மச்சான், டீசல் வாணாம், முதலாளி வாணாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"காட்டு" என்றார்.

அந்த ஒரு சொல்லில்தான் ஊறுகாய் ஜாடி நகர்ந்தது. மகள் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டே போனில் வழி சொல்லச் சொல்ல, நான் கேமை இறக்கினேன். புதுச்சேரியில் பழைய பொருள் விற்கும் கடை ஒன்றில் ஸ்டியரிங்கும் பெடலும் அகப்பட்டன. சின்னப் பிள்ளை சைஸ் ஸ்டியரிங். மச்சான் அதைக் கையில் வாங்கி, இட்லித் தட்டைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் கீழே குனிந்து, "கிளட்ச் எங்க மாப்ள?" என்று கேட்டார்.

இரண்டே பெடல்தான் இருந்தது. கிளட்ச் தேவையில்லை, தானாகவே மாறிக்கொள்ளும் என்றேன். அதைக் கேட்டு அவர் முகம் போன போக்கில், நான் அரிசிச் சாக்கு ஒன்றை மடித்து இடது கால்மாட்டில் போட்டேன். ஒவ்வொரு கியருக்கும் அந்தச் சாக்கை, விரல் போன அந்தக் காலால், மிதித்துக்கொண்டே ஓட்டினார். கேமுக்கு அது தெரியாது. அவருக்கு அது இல்லாமல் முடியாது.

மத்தியானங்களில் எனக்கு வேலை இருக்காது. சாப்பிட்டதும் உட்காருவோம். கேமில் இருந்த ஊர் எந்த ஊரோ, மலையும் தென்னையுமாக எங்கேயோ மேற்கே. நாங்கள் அதை எங்கள் ரூட்டாக மாற்றிக்கொண்டோம். ஒரு சர்ச் வந்தால் அது வில்லியனூர் மாதா கோயில். வயல் வந்தால் உறுவையாறு. ஒரு குளம் வந்தது, அதற்குப் பாகூர் ஏரி என்று பெயர் வைத்தோம். அளவில் அது எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைவிடக் கொஞ்சம் பெரிது.

அவர் டிரைவர் என்றால் நான் கண்டக்டர். தோளில் துண்டு, விரலிடுக்கில் மடித்த பழைய கல்யாணப் பத்திரிகைக் காகிதம், வாயில் விசில். மைக் பிடித்துப் பழகிய வாய் சும்மா இருக்குமா. "லெப்ட்ல டூவீலர் வர்றான், வுடு அவனை… வளைவு, வளைவு, ரைட்ல வளைவு… புள்ளத்தாச்சி எறங்குது, மெதுவா… ஹோல்டேன்… போலாம் ரைட்." திரையில் தெரிவதையெல்லாம் சொல்லுவேன். தெரியாததையும் சொல்லுவேன். பின்சீட்டில் ஒரு ஆள் ஆட்டுக்குட்டியோடு ஏறியிருக்கிறான், டிக்கெட் ஆளுக்கா குட்டிக்கா என்று கேட்கிறான் என்பேன். மச்சான் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல், குட்டிக்கு அரை டிக்கெட் போடு என்பார். சமையலறையில் என் மனைவி சிரிப்பது கேட்கும். அந்த வருஷம் அந்த வீட்டில் கேட்ட சிரிப்பில் பாதி அதுதான் என்று நினைக்கிறேன்.

முதல் குறை ஒரு மத்தியானம் வந்தது. படம் கலங்குது மாப்ள என்றார். கலங்கல் எனக்குத் தெரியவில்லை. ஆனால் எனக்குத் தெரியாததால் அது இல்லை என்று ஆகிவிடாது. இங்கேதான் என் புத்தி வேலை செய்த அழகைச் சொல்ல வேண்டும். ஸ்பீக்கரில் மெல்லிசாக ஒரு இரைச்சல் வரும், எர்த் சரியில்லை என்றால். மேடையில் இருக்கும் யாருக்கும் அது கேட்காது. எனக்குக் கேட்கும். மண்டைக்குள் கொசு நுழைந்ததுபோலக் கேட்கும். தொழில் காது அது. அதேபோல மச்சானுக்குத் தொழில் கண். காலமெல்லாம் ரோட்டைப் பார்த்த கண்ணுக்கு, நம் கண்ணுக்குத் தெரியாத கலங்கல் தெரிகிறது. எவ்வளவு நேர்த்தியான யோசனை பாருங்கள். நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

மகளுக்குப் போன் போட்டேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் பெரிய பெரிய சண்டை கேமுக்குத் திணறும்தான், இந்த பஸ் கேமுக்கு அது போதும்ப்பா. நிழலைக் குறை, மரத்தைக் குறை, சரியாகிவிடும் என்றாள். நான் நிழலைக் குறைத்தேன். மரங்களைக் குறைத்தேன். கேமில் புயல் அடித்து ஓய்ந்த மாதிரி ஆனது. மச்சான் இன்னும் கலங்குது என்றார்.

மறுபடி போன். உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்தமாக மெமரி கிடையாது, கம்ப்யூட்டரின் ரேமில் இருந்துதான் கடன் வாங்கிக்கொள்ளும், ஒரு ரேம்தான் போட்டிருக்கிறது, அதற்கு ஜோடியாக இன்னொன்று போட்டால் நன்றாக ஓடும் என்றாள். வில்லியனூர் கடைவீதியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பையன் வந்து இன்னொரு ரேமைச் செருகிவிட்டுப் போனான். படம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. படம் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று திரையின் மூலையில் காட்டும் எண்ணைப் பார்த்து அந்தப் பையனே, இந்த மிஷினுக்கு இது ஜாஸ்திண்ணே என்றான். மச்சான் ஓட்டிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, ஆனால் மழைதான் தொந்தரவு என்றார்.

மழையா என்றேன்.

"கறுப்பா, நூல் நூலா வுழுது பாரு. கண்ணாடி மேல."

கேமில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் நான் செட்டிங்கில் போய், மழை என்று ஒன்று இருந்ததைத் தேடிப்பிடித்து அணைத்தேன். பஸ் நல்ல வெயிலில் போகும்போது அவர் வைப்பரைப் போட்டார். வைப்பர் காய்ந்த கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது. மச்சானுக்கு வெயிலிலும் மழை பெய்கிறது, அதிர்ஷ்டக்காரர் என்று நான் என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். நாங்கள் சிரித்ததைக் கேட்டு அவரும் சிரித்தார். அவர் சிரித்ததை இப்போது நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

என் பதற்றம் அதற்குப் பிறகு முழுவேகம் எடுத்தது. சூட்டினால்தான் என்று முடிவுசெய்து, கம்ப்யூட்டரின் பக்கத்துப் பலகையைக் கழற்றிவிட்டு, எங்கள் டேபிள் ஃபேனை அதன் வாய்க்கு நேராக வைத்தேன். மே மாத வெயிலில் மனுஷர்கள் மூன்று பேரும் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, கம்ப்யூட்டர் காற்று வாங்கியது. வந்துபோன ஒருவர், ஏதாவது வேண்டுதலா என்று கேட்டார். இதில் என்னை இன்னும் குழப்பிய விஷயம் ஒன்று இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டும்போது மச்சான் அடுத்த வண்டியை உரசக்கூட மாட்டார். நான் எழுந்து பாத்ரூம் போய்விட்டு வந்தால் பஸ் வயலில் நிற்கும். நான் இருந்தால் மிஷின் நன்றாக ஓடுகிறது, நான் போனால் சூடாகிவிடுகிறது என்று இதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். என் கைராசி என்று சொல்லிக்கொண்டேன். கைராசி. இதைவிட என்ன சொல்ல.

கடைசியில் கார்டு போடுவது என்று தீர்மானித்தேன். கடைக்காரப் பையன் தலையைச் சொறிந்தான். கார்டு போட்டால் பவர் சப்ளையை மாற்ற வேண்டும், அதை மாற்றினால் கேபினட் என்கிற வெளிப்பெட்டியில் இடம் பத்தாது, கேபினட்டையும் மாற்ற வேண்டும் என்றான். எல்லாத்தையும் மாற்று என்றேன். மச்சானுக்கு லைசென்ஸ் புதுப்பிக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. புண் ஆறிவிட்டது. ஷூ போட்டுக் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்து பழகிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் மிஷின் சரியில்லாமல் அவர் தினமும் வயலிலும் குளத்திலும் பஸ்ஸை விட்டால் மனசு விட்டுவிடுமே, பயம் பிடித்துக்கொள்ளுமே என்பதுதான் என் கவலை. அவருடைய தைரியத்துக்காகத்தான் கார்டு. பையன் ஆர்டர் போட்டுவிட்டு, வந்ததும் எடுத்துவருகிறேன் என்றான்.

அதற்கு இடையில் பக்கத்து ஊரில் தீமிதி வந்தது. திரௌபதி அம்மன் கோயில். வழக்கம்போல மைக் என் கையில். காணாமல்போன பிள்ளைகள், தொலைந்த செருப்பு, நன்கொடைக்காரர்களின் பெயர், பூக்குழி பக்கம் நெருக்காதீர்கள் என்ற எச்சரிக்கை, நடுநடுவே என் கோமாளித்தனம். முடிந்து வீட்டுக்கு வந்தபோது தொண்டையில் சத்தமே இல்லை. காற்று மட்டும் வந்தது. ஊரே சந்தோஷப்பட்டது என்று என் மனைவி சொன்னாள்.

அடுத்த நாள் மத்தியானம் மச்சான் தயாராக உட்கார்ந்திருந்தார். நான் மிளகும் பனங்கற்கண்டும் போட்ட வெந்நீரை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் வண்டியை எடுத்தார். நேராக இருந்தவரைக்கும் நன்றாகத்தான் போனது. முதல் வளைவு வந்தது. பெரிய வளைவு, அம்புக்குறி போட்ட போர்டு வேறு. பஸ் வளையவில்லை. அதே வேகத்தில், அதே நிதானத்தில், நேராகப் போய்ப் பாகூர் ஏரியில் இறங்கியது. தண்ணீர் கண்ணாடி வரைக்கும் ஏறியது. அவர் அப்போதும் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மாப்ள, கம்முனு இருக்க?"

நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். அவர் திரையைப் பார்த்தபடியே, சொல்லு மாப்ள, எங்க இருக்கோம் என்றார். நான் தொண்டையைத் தொட்டதை அவர் பார்க்கவில்லை. முழங்கை படும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

வெந்நீர் டம்ளரைக் கீழே வைத்தேன். ஸ்பீக்கரில் இரைச்சல் வந்தால், எது காரணம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு வயராகப் பிடுங்கிப் பார்ப்பது. எதைப் பிடுங்கினால் இரைச்சல் நிற்கிறதோ அதில்தான் கோளாறு. பஸ்ஸை மறுபடி ரோட்டில் ஏற்றி, ஒரு போர்டுக்கு முன்னால் நிறுத்தி, கேமையே நிறுத்தினேன். நின்ற படம் ஒரு போட்டோ மாதிரி. அதற்கு எந்த கிராபிக்ஸும் திணற வேண்டியதில்லை. குசுகுசுவென்ற குரலில், போர்டில் என்ன படம் போட்டிருக்கிறது என்று கேட்டேன். மச்சான் முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனார். தலையைச் சாய்த்தார். இடது பக்கம் சாய்த்து ஒருமுறை, வலது பக்கம் சாய்த்து ஒருமுறை. மிஷின் கலங்குது என்றார்.

ஒரு வயர்தான் மிச்சம் இருந்தது. அதைப் பிடுங்க எனக்குக் கை வரவில்லை.  அப்புறம் எழுந்து அவர் பக்கத்து ஜன்னலைத் திறந்தேன். எதிர்வீட்டு இரும்பு கேட் பளிச்சென்று வெயிலில் இருந்தது.

"எதிர்வூட்டு கேட்டு இன்னா கலரு மச்சான்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். கண்ணைச் சுருக்கினார்.

"பச்ச" என்றார்.

அது பச்சைதான், அவர் எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில். பொங்கலுக்கு நீலம் அடித்துவிட்டார்கள். தெருவே நாற்றம் எடுக்க நாள் முழுக்க அடித்தார்கள். அதை நான் சொல்லவில்லை. சொல்லக் குரலும் இல்லை. ஜன்னலில் நிழல் குறைக்க, ரேம் சேர்க்க, கார்டு மாற்ற எதுவும் கிடையாது. 

என் மௌனத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். வலது பக்கம் முதலில் என்றார், சிலந்தி கூடு கட்டின மாதிரி, அப்புறம் இந்தப் பக்கமும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் அரிசிச் சாக்கைக் காலால் தடவிக்கொண்டிருந்தார்.

"டாக்டர்கிட்ட போனா எழுதிடுவான் மாப்ள. எழுதிட்டா சீட்டு போச்சு." அப்புறம் சொன்னார்: "நீதான் மிஷினு கோளாறுன்னு அடிச்சி சொன்ன. எனக்கும் அப்பிடியே இருந்துட்டா நல்லா இருக்குமேன்னு இருந்தது. நீ கூவிகினே இருந்த. நான் அந்த சத்தத்துலயே ஓட்டிகினு இருந்தேன்."

சமையலறை வாசலில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. அவள் உள்ளே போய், பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்து வைத்த பாத்திரம் அது.

புதுச்சேரியில் கண் ஆஸ்பத்திரிக்கு அவரை நான்தான் கூட்டிப்போனேன். சொட்டு மருந்து விட்டு வரிசையில் உட்கார வைத்தார்கள். எல்லோரும் கண்ணை மூடி, முகத்தை மேலே தூக்கி வைத்திருந்தார்கள். என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது, பயம் வந்தால் இன்னும் மோசம். கிழிந்த குரலில், எல்லாரும் மேலே பார்த்துகினு இருக்காங்களே, கூரையில் டிவி வைத்திருக்கிறார்களா என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா சிரித்தாள். மச்சான் சிரிக்கவில்லை. என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். காலமெல்லாம் ஸ்டியரிங் பிடித்துத் தோல் காய்த்துப்போன கை.

டாக்டரம்மா வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்தார். எவ்வளவு நாளாகக் கறுப்பு நூல் தெரிகிறது என்று கேட்டார். கம்ப்யூட்டர்லதான்மா அப்படித் தெரியும் என்று மச்சான் சொன்னார். அங்கே வந்தும் அதைத்தான் சொன்னார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

சர்க்கரையினால் கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருந்தது. வலது கண்ணுக்குள் நிறையவே. அவர் பார்த்த மழை அதுதான். ஆபரேஷன் செய்து பார்க்கலாம், இடது கண்ணுக்கு லேசர் வைத்து இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், திரும்பி வரும் என்று சொல்வதற்கில்லை என்றார். மச்சான் கேட்டது ஒன்றுதான். லைசென்ஸுக்கு எழுதித் தருவீர்களா என்று. டாக்டரம்மா அவருக்குப் பதில் சொல்வதற்குப் பதிலாக, கூட வந்தது யார், தம்பியா என்று என்னைக் கேட்டார்.

வெளியே வந்து, வில்லியனூர் பஸ்ஸில் போய்விடலாம் மச்சான் என்றேன். கையை நெற்றிக்கு வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு நின்றவர், ஆட்டோ பிடி என்றார். வழியில் எந்த இடம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கூவிப் பழகிய வாய் அன்றைக்குத்தான் முதல்முறையாக அவருக்குப் பக்கத்தில், குரல் இருந்தும் சும்மா வந்தது.

அன்று சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். விஷயம் தெரியாமல், கார்டு ஆர்டர் போட்டதாகக் கேள்விப்பட்டேன், உனக்கு எத்தனை தடவைப்பா சொல்றது, அதுவே போதும் என்று திட்ட ஆரம்பித்தாள். நான் ஆமாம்மா, அதுவே போதும் என்றேன். நான் எதிர்த்துப் பேசாததில் அவளுக்கு ஏதோ தட்டுப்பட்டது. மாமா எங்கே என்று கேட்டாள். சொன்னேன். 

கடைக்காரப் பையன் கார்டோடு வந்தான். வேண்டாம் என்றேன். ஏண்ணே, மிஷின் சரியாகிவிட்டதா என்று கேட்டான். மிஷினுக்கு ஒன்றும் இல்லை என்றேன். மிஷின் பிழைத்துவிட்டது என்று அவன் சந்தோஷமாகத் திரும்பிப் போனான்.

ஆபரேஷன் நடந்தது. லேசரும் வைத்தார்கள், பல தடவை. நடுவில் ஒருநாள் பஸ் முதலாளி போன் செய்தார். புண் ஆறிவிட்டதாகக் கேள்விப்பட்டேன், எப்போது வருகிறாய் என்று கேட்டார். மச்சான் போனைக் காதிலிருந்து எடுத்து, காற்றில் என் பக்கமாக நீட்டினார். நான் இருந்த இடத்துக்கு ஒரு கை தள்ளி நீட்டினார். எழுந்துபோய் வாங்கிக்கொண்டேன். ஆயிரம் பேர் நிற்கும் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து வாய்க்கு வந்ததைப் பேசுகிற ஆள் நான். ஒரு மனுஷனிடம், வேறு டிரைவரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர், ஏன், என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கண் என்றேன். 

அந்தக் கம்ப்யூட்டரில் கோளாறு எதுவும் இருக்கவில்லை. ப்ராசஸருக்குள் இருந்த கிராபிக்ஸ் அந்த கேமுக்குப் போதுமானதாகத்தான் இருந்தது, முதல் நாளிலிருந்தே. மச்சானுக்கு வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் எதிரே ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. லைசென்ஸ் அந்த வருஷத்தோடு முடிந்தது. அதைப் புதுப்பிக்கவில்லை. அவர் பிறகு பஸ் ஓட்டவில்லை.